அரைப்படி ராக்கெட்

காந்திமதி தன் குவார்ட்டர்ஸின் பின்புறத்தில் நின்று, நூலில் கட்டிய ராக்கெட்டைத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் சோமசுந்தரம் வந்தார். அவள் கவனிக்கவில்லை. ராக்கெட் ஒரு சுற்றில் மூக்கை முன்னால் நீட்டியது. அடுத்த சுற்றில் வாலை நீட்டியது. பிறகு குறுக்காகத் திரும்பித் தள்ளாடியது.

வேலிக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்த தனகோட்டி குரல் கொடுத்தாள்.

“என்னா டீச்சரே, கம்பங்கொல்லையில குருவி ஓட்டுறீங்களா? ஊருலேருந்து ஆளு வந்து நின்னுகினு இருக்காரு, பாருங்க!”

நூலை நிறுத்தித் திரும்பினாள். சோமசுந்தரம் ஒரு கையில் பையும், மறு கக்கத்தில் அகலமான அட்டைப்பெட்டியுமாக நின்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வேறொன்று காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. சிதம்பரத்திலிருந்து அவர் காரணமில்லாமல் பஸ் ஏறுகிறவர் அல்ல.

காப்பி குடித்து முடித்த பிறகுதான் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“உன் மாமியார் கொடுத்தனுப்பினாங்க. பட்டுப்புடவை. தை பிறந்ததும் வந்து கூட்டிக்கிட்டுப் போறோம்னு சொல்லச் சொன்னாங்க. நடந்ததை யாரும் பேசமாட்டாங்களாம்.”

“அவரும் சொன்னாரா?”

“பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார். வேண்டாம்னு சொல்லலை.”

அது அவளுடைய கணவரின் இயல்புதான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் சுரங்க நகரத்துப் பள்ளிக்கூட வேலைக்கு உத்தரவு வந்தபோதும் அவர் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மாமியார்தான், படி இறங்கினால் இறங்கியதுதான் என்றார். அவள் இறங்கினாள். மாயவரத்து வீட்டில் அவளை யாரும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. கோயிலுக்கு நாத்தனார் துணை, கடைத்தெருவுக்கு மாமியார் துணை, கொல்லைக் கிணற்றடிக்குக்கூட யாராவது ஒருவர் துணை. அந்த அன்பில் குற்றம் கண்டுபிடிக்க முடியாததுதான் அவளை இத்தனை காலமும் உறுத்தியது. குற்றம் இல்லாத இடத்திலிருந்து ஒருத்தி எதற்காக வெளியேறுவாள்? தங்கையைச் சரியாக வளர்க்கவில்லை என்று ஊர் தன் அண்ணனைச் சொல்வதும் அவளுக்குத் தெரியும்.

“யோசிச்சுச் சொல்றேண்ணே.”

“நாளைக்கு மத்தியானம் பஸ். அதுக்குள்ள சொல்லு” என்றார் அவர். பேச்சை மாற்ற விரும்பியவர்போல ராக்கெட்டைக் கையில் எடுத்தார். “இது என்ன, இவ்வளவு குட்டையா, மரக்கால் மாதிரி?”

“மரக்கால் இல்லை, அரைப்படி” என்று அவள் சிரித்தாள்.

பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்காக மாணவிகள் செய்தது அது. உடலுக்கு நீளமான குழாய் கிடைக்கவில்லை. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வரும் செங்கமலம், காகிதத்தை ஊறவைத்து வெந்தயம் சேர்த்து அரைத்துக் கூடை செய்வதுபோலச் செய்துவிடலாம் என்றாள். அரிசி அளக்கும் இரும்புப் படியைக் கவிழ்த்து அதன்மேல் அப்பினார்கள். எல்லோர் வீட்டிலும் இருந்தது அரைப்படிதான் என்பதால் ராக்கெட்டும் அந்த அளவிலேயே பிறந்தது. உள்ளே வைக்க, திருவிழாவுக்கு வாணம் கட்டுகிறவரிடம் மருந்து அடைத்த குழல்கள் வாங்கினார்கள். போன வாரம் முதல் முறை விட்டபோது அது ஆளுயரம் எழுந்து, குட்டிக்கரணம் போட்டு, பெண்களை நோக்கியே வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சிரித்தவர்கள் நிறைய.

“வாணத்துக்கு ஒரு நீளக் குச்சி கட்டுவாங்களே. அதைக் கட்டிடு. நேரா போகும்” என்றார் அண்ணன்.

“குச்சி கட்டினா அது வாணம்ணே. நாங்க ராக்கெட்னு எழுதி வெச்சிருக்கோம்.”

“எழுத்தை அழிச்சிடு.”

இருவரும் சிரித்தார்கள். அவள் விளக்கினாள். கனம் சமனாக நிற்கும் இடம் முன்னாலும், காற்று பிடித்துத் தள்ளும் இடம் அதற்குப் பின்னாலும் இருக்க வேண்டும். நீளமான ராக்கெட்டில் இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கும். குட்டையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் பிசகினாலும் தடுமாறும். அதனால்தான் இறக்கைகளைப் பெரிதாக்கினாள். டால்டா டின்னை வெட்டி, உள்ளங்கை அகலத்தில் நான்கு.

“அப்புறமும் சுத்துதே?”

“ஆமாம். முன்னைவிட மோசம்.”

பொழுது சாயும் நேரத்தில் தனகோட்டியின் கணவர் பன்னீர்செல்வம் வந்து, நிலக்கரிச் சுரங்கத்து இயந்திரத்தைக் காட்டுகிறேன் என்று சோமசுந்தரத்தை அழைத்துப் போனார். வீடு அமைதியானது.

காந்திமதி புடவைப் பெட்டியைத் திறந்தாள். அரக்கு நிறம், மயில்கழுத்துக் கரை. நல்ல புடவை. மாமியார் கடையில் உட்கார்ந்து பத்துப் புடவைகளைப் பிரிக்கச் சொல்லி, இதை எடுத்திருப்பார். அந்தச் சிரமம் அவளைத் தொட்டது. புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

அப்போது காலிப் பெட்டி கையோடு மேலே எழும்பி வந்தது. அது அத்தனை லேசாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். வளையவில்லை. விரலால் சுண்டினாள், விறைப்பான ஓசை கேட்டது.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. தகர இறக்கை காற்றைப் பிடிக்கத்தான் செய்தது. ஆனால் தன் கனத்தால் வாலைக் கீழே இழுத்து, சமனாகும் இடத்தையும் பின்னுக்குக் கொண்டுபோய்விட்டது. தடுமாறாமல் இருக்கட்டும் என்று சேர்த்ததே தடுமாற்றத்தைக் கூட்டியிருக்கிறது. இறக்கை பெரிதாக இருந்தால் போதாது, கனமும் இருக்கக் கூடாது. வாலைத் தாண்டிப் பின்னால் நீள வேண்டும்.

பிளேடை எடுத்தாள். மூடியில் சரிவாக ஒரு கோடு, அடியில் ஒரு கோடு. வெட்டும்போது வேறெந்த நினைவும் இல்லை. வெகு நாட்களுக்குப் பிறகு மனம் ஒரே இடத்தில் நின்றது. மூன்றாவது இறக்கையை வெட்டி எடுத்து நிமிர்ந்தபோதுதான் கட்டிலில் இருந்த புடவை கண்ணில் பட்டது. அதை வைப்பதற்குப் பெட்டி இல்லை.

என்ன செய்துவிட்டேன்? கோபத்தில் செய்ததாகத்தானே நினைப்பார்கள்? ஆனால் அவளிடம் கோபமே இல்லை. பெட்டி வீட்டுக்குள் வந்ததிலிருந்து புடவையைக் கட்டிக்கொண்டு நிற்கும் தன்னை ஒரு முறைகூட அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அதுதான் அவளைத் திகைக்க வைத்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அண்ணனிடம் சொன்னாளே, யோசிக்க அங்கே என்ன மிச்சம் இருந்தது?

வாசலில் செருப்புச் சத்தம். சோமசுந்தரம் உள்ளே வந்து தரையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார்.

“பெட்டியோடதான் கொடுத்தாங்க, மதி.”

“வேணும்னு செய்யலைண்ணே. அட்டை லேசா இருந்தது...”

“அதான் எனக்குப் பயமா இருக்கு. வேணும்னு செஞ்சிருந்தா சமாதானம் சொல்லிடலாம்.”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அவளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். “இதை எப்படி ஒட்டுவே?” என்று கேட்டார்.

“மைதாப் பசை. காயற வரைக்கும் ஆடாம பிடிச்சுக்கணும்.”

“கொடு.”

அவர் பிடித்துக்கொண்டார். நரைத்த தலை குனிந்திருந்தது. ஊர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய மனிதர், மூச்சுக்கூட அசையாமல் ஓர் அட்டைத் துண்டைப் பிடித்திருந்தார். காந்திமதி அடுத்த இறக்கைக்குப் பசை தடவினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, குடியிருப்பு பிளாக்கின் கடைசியில் உள்ள திடலில் பெண்கள் கூடினார்கள். நூலில் கட்டிச் சுற்றியபோது ராக்கெட் மூக்கை முன்னால் நீட்டியபடி ஒழுங்காக ஓடியது. “படி இன்னிக்கு நேரா போவுது டீச்சர்!” என்று செங்கமலம் கத்தினாள். பழைய குடைக்கம்பியைத் தரையில் நட்டு, அதில் ராக்கெட்டைக் கோத்து, எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு, காந்திமதி நீளத்திரியில் நெருப்பு வைத்துவிட்டு விலகி வந்தாள்.

சீறிக்கொண்டு எழுந்தது. பனை உயரம் போனதும் காற்று வந்த பக்கமாகத் தலையைச் சாய்த்தது. பெண்கள் “ஐயோ” என்றார்கள். ஆனால் அது கரணம் போடவில்லை. சாய்ந்தபடியே, தன் வழியில் போய், முந்திரித் தோப்புக்கு அப்பால் இறங்கியது. பெண்கள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார்கள்.

“சாஞ்சிடுச்சே?” என்றார் அண்ணன்.

“இறக்கை பெரிசு. காத்துக்கு முகம் கொடுக்கும். கொஞ்சம் நறுக்கினா சரியாயிடும்.”

அவர் தலையாட்டினார். தோப்பைப் பார்த்தபடியே கேட்டார். “நான் போய் என்ன சொல்லட்டும், மதி?”

“நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். புடவை இங்கேயே இருக்கட்டும். கண்காட்சி முடிஞ்சதும் லீவு போட்டு நானே மாயவரம் போறேன். புதுப் பெட்டி வாங்கி அதுல வெச்சு, அவங்க கையில கொடுத்து, வரலைன்னு நானே சொல்றேன். அவர்கிட்டயும் சொல்றேன்.”

“திட்டுவாங்க.”

“திட்டட்டும். அவங்க ஆசையா எடுத்த புடவை. உங்ககிட்ட கொடுத்தனுப்பறது மரியாதை இல்லை.”

சோமசுந்தரம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப நானும் துணைக்கு...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். தங்கையை ஒரு முறை பார்த்தார்.

“மாயவரத்துக்கு இங்கேயிருந்து நேர் பஸ் இருக்கா?” என்று கேட்டார்.

“இல்லைண்ணே. சிதம்பரத்துல மாறணும்.”

“அப்ப நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டுப் போ” என்றார்.