குடைக்காரர்

என் மனைவி கலைவாணிக்கு நாலு மணிக்கு ஒரு தனி வாழ்க்கை இருக்கிறது என்பதே எனக்கு ரிட்டயர் ஆன பிறகுதான் தெரிந்தது. முப்பத்தோரு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம்; நாலு மணி என்றால் எனக்கு கேன்டீன் டீயும் சூப்பர்வைசர் மூஞ்சியும்தான். இவள் அந்த நேரத்தில் தூங்குவாள், இல்லையென்றால் டிவி பார்ப்பாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நாலு மணிக்கு இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் போய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கால் இரண்டையும் அரிசி டின் மேல் நீட்டி, மடியில் ஒரு கதைப் புத்தகத்தைப் பிரித்தாள். அவ்வளவுதான். ஐந்து மணி வரை நான் அந்த வீட்டில் இல்லவே இல்லை.

பக்கம் புரட்டும்போது ஒரு வாய் டீ. நடுவில் "அடப்பாவி" என்று யாரையோ செல்லமாகத் திட்டுவாள். திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் புதுசு. நான் ஜோக் சொன்னால் அவள் சிரிப்பது, விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பது மாதிரி, மரியாதைக்கு.

"இன்னாமே, தனியா சிரிச்சிகினு கீற? எங்கிட்டயும் சொல்லேன்" என்றேன் ஒருநாள்.

"சொன்னா வராதுயா. நீ டீய குடி, ஆறிடப் போவுது."

அறுபது வயதில் ஒரு மனிதன் காகிதத்தின் மேல் பொறாமைப்படுவானா என்று கேட்காதீர்கள். பட்டேன்.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். முப்பத்து மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம். அதற்கு மேலே சின்னதாக ஒரு குடை. பக்கத்தில் கிடந்த இன்னொரு புத்தகத்தையும் பார்த்தேன். அதிலும் அதே பக்கத்தில் வட்டம், குடை. இரண்டும் ஜோடியாக உட்கார்ந்திருந்தன.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளிடம் நேராகவே கேட்டேன்.

"வட்டம் என்னுது" என்றாள். "லைப்ரரி புக்குல படிச்சதுக்கு ஒரு அடையாளம் போட்டு வெப்போம். இல்லன்னா அதையே மறுபடியும் எடுத்தாந்துடுவோம். எல்லாரும்தான் போடுவாங்க."

"அப்போ குடை?"

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அது குடைக்காரரு. புக்கு நல்லாருந்தா குடைய விரிச்சிப் போடுவாரு. நல்லால்லன்னா மடக்கிப் போடுவாரு. பன்னெண்டு வருசமா நான் விரிச்ச குடைய பாத்துதான் எடுக்கறேன். ஒரு தபா கூட தப்புனதில்ல."

"யாரு அந்த ஆளு?"

"யாருக்குத் தெரியும்?"

"ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரிஞ்சிகினு இன்னா பண்ணப்போறேன்? போயா."

ஆனால் 'குடைக்காரரு' என்றாள். தாலி கட்டிய எனக்கு 'யா'. முகம் தெரியாத அந்த ஆளுக்கு 'ரு'. நானே ஒரு உருவம் கொடுத்துவிட்டேன்: மூக்குக் கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப்பையில் சீவிய பென்சில். நான் இரும்பை ராவிக்கொண்டிருந்த பன்னிரண்டு வருடமும் என் பெண்டாட்டி அந்த ஆளோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள்.

மறுநாள் லைப்ரரிக்குப் போனேன். மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் அப்பாவு என்பவர் நடத்தும் ஒற்றை அறை அது. முன்பக்கம் ஜெராக்ஸ் மிஷின், பின்பக்கம் புத்தகம்.

"குடை போடறது யாருங்க?" என்றேன்.

"அதெல்லாம் யாரு பாக்கறாங்க அண்ணாத்தே? பேனாவுல போட்டாதான் சண்டைக்குப் போவேன்."

"செரி, இங்க யாராலயுமே முழுசா படிக்க முடியாத புக்கு எது?"

அவர் யோசிக்கவே இல்லை. மேல் தட்டிலிருந்து செங்கல் மாதிரி ஒன்றை எடுத்துத் தட்டினார். தூசி பறந்தது. "எடுத்துகினு போனவங்க அத்தினி பேரும் மறுநாளே திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றார். அதற்குள் யாரோ ஆதார் கார்டு ஜெராக்ஸ் கேட்டு வர, அவர் முன்பக்கம் போனார்.

நான் முப்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தேன். இரும்பில் கோடு கிழித்துப் பழகிய கைக்கு ஒரு குடை வரைவது பெரிய காரியமா? நன்றாக விரித்தே வரைந்தேன். புத்தகத்தை அவள் கண்ணில் படும்படி வாசல் பக்கத்துத் தட்டில் செருகிவிட்டு வந்தேன். அவள் லைப்ரரிக்குப் போகும் சனிக்கிழமை குடைக்காரரின் மானம் கப்பலேறும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை அதைத்தான் கொண்டுவந்தாள். நாலு மணிக்குக் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். சிரிப்பும் இல்லை, 'அடப்பாவி'யும் இல்லை. முப்பத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "குடை விரிச்சிதான் கீது. போவப் போவ நல்லாருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி படித்தாள். டீயில் ஆடை படிந்தது. நாலு நாள் இப்படி மல்லுக்கட்டினாள். நான் ஹாலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீ நேரத்தில், என் பக்கத்தில்! ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இனி தினமும் நாலு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும்தான்.

"அவருக்கு இன்னாவோ ஆயிடுச்சியா" என்றாள்.

"யாருக்கு?"

"குடைக்காரருக்கு. இந்த புக்குக்கு அவரு குடைய விரிக்கவே மாட்டாரு. ஒடம்பு சரியில்லயோ? வயசாயி புத்தி கித்தி தடுமாறிப் போச்சோ?" அவள் கண் கலங்கிவிட்டது.

போன வருடம் எனக்கு டெங்கு வந்து பத்து நாள் கண் திறக்க முடியாமல் படுத்திருந்தேன். நிலவேம்புக் கஷாயம் கொடுத்தாள், கஞ்சி ஊற்றினாள், "மழையில சுத்தாதன்னா கேட்டியா" என்று மணிக்கு ஒரு தரம் திட்டினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டவள் இல்லை.

மறுநாள் எனக்கு மட்டும் டீ போட்டாள். அவளுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. நாற்காலி காலியாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் புடவை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு நிற்கிறாள்.

"எந்த புக்க யாரு எடுத்தாங்கன்னு அப்பாவு அண்ணங்கிட்ட நோட்டு இருக்கும், அதுல ஆளக் கண்டுபுடிச்சி, அட்ரஸு கேட்டு வாங்கினு ஒரு எட்டு ஊட்டுக்கே போயி பாத்துட்டு வந்துடலாம். நீயும் வா. எனக்கு மனசே கேக்கல."

ஊட்டுக்கேவா! அந்த மூக்குக் கண்ணாடி கதவைத் திறப்பதும், இவள் உள்ளே போவதும், அவன் இவளுக்கு டீ கொடுப்பதும் என் கண்முன்னால் ஓடியது. மானம் போனாலும் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

"போவாதமே. அந்தக் குடைய நாந்தான் போட்டேன்."

வாசலில் நின்றவள் அப்படியே திரும்பினாள். நான் ஒன்று விடாமல் சொன்னேன், லைப்ரரிக்குப் போனது, மட்டமான புத்தகமாகப் பார்த்துக் கேட்டது, அப்பாவு ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரத்தில் வரைந்தது எல்லாம்.

"ஏன்யா?"

"பொறாமதான். வேற இன்னா."

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் வாய்க்கு எங்கள் தெருவே அஞ்சும். முப்பது வருடத்துச் சண்டையெல்லாம் சேர்த்து இன்று வாங்கப்போகிறேன், வாங்கவேண்டியதுதான் என்று காத்திருந்தேன்.

"அப்போ அவரு நல்லாத்தான் கீறாரா?" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். "நல்லாத்தான் இருப்பாரு. நாந்தான் புத்தி கெட்டுப்போயி..."

மிச்சத்தை அவள் கேட்கவில்லை. "அம்மாடி" என்று நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டாள். வாடிக்கிடந்த முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் திட்டுக்காக நின்றுகொண்டே இருந்தேன். அவளுக்கு என்னைத் திட்டவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.