சந்தை நாளில் செத்த மீன்கள்

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி குணசீலன் ஆற்றங்கரையில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"தண்ணியில ஒரு கோளாறும் இல்லம்மா. ரெண்டு தடவை பரிசோதிச்சாச்சு. உங்க ஆளுங்கதான் மீன் புடிக்க மருக்காரைக் காயை இடிச்சுப் போட்டிருக்காங்க. மீன் சாவாம என்ன செய்யும்?"

வேங்கைக்கொல்லை ஊராட்சித் தலைவர் மங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. அந்தக் காயைப் போட்டால் மீன் மயங்கி மிதக்கும் என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைப் போடக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் கட்டுப்பாடு வைத்ததே அவள்தான். இப்போது வேங்கையாறு நெடுகக் கெண்டையும் அயிரையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒதுங்கிக் கிடந்தன. அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகள் கழிந்தன. இதெல்லாம் போதாதென்று, செத்த மீன்களை அள்ளிக் கரையில் புதைத்துக்கொண்டிருந்த அவள் கொழுந்தன் மணிவேலைப் பிடித்து, ஆற்றில் நஞ்சு கலந்தான் என்று வழக்கும் போட்டுவிட்டார்கள்.

"பாவம் ஓரிடம், பழி ஓரிடம்னு வுட்டுட முடியாது" என்று அன்றைக்கே மங்கம்மாள் மெர்சிலினுக்குப் போன் போட்டாள்.

மெர்சிலின் கலசப்பாக்கத்துப் பெண். திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். போன வருஷம் அயிரை மீன்களைப் பற்றி ஆராய மாணவிகளோடு மலைக்கு வந்தபோது மங்கம்மாள் வூட்டில்தான் தங்கினாள். சாமைச் சோறும் அவரைக் குழம்பும் தின்றுவிட்டு, "அக்கா, எதுனா உதவி வேணும்னா கூப்பிடுங்க" என்று சொல்லிப் போனவள், கூப்பிட்ட மறுநாளே முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

வந்ததும் செத்த மீன்களைப் பார்க்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி வேலம்பாசியை ஒரு கொத்துப் பிடுங்கினாள். தழையெல்லாம் வெளுத்து, நுனி கருகியிருந்தது.

"அக்கா, காய் போட்டா மீன்தான் மயங்கும். பாசி எதுக்குக் கருகணும்? இது காய் இல்ல. வேற என்னமோ வருது."

"அப்போ அவரு பாட்டில்ல புடிச்ச தண்ணி நல்லாருக்குதுன்றாரே, அது இன்னா?"

"அவர் பொய் சொல்லல. ஓடுற தண்ணி அக்கா. கெட்டது வந்த வேகத்துல போய்டுது. அவர் வர்ற நேரத்துக்கு நல்ல தண்ணிதான் ஓடும். மீனும் பாசியும் அங்கியே கிடக்குதுங்க. வந்து போனதெல்லாம் அதுங்க உடம்புல தங்கிடும். அதுங்களத்தான் கேக்கணும்."

எப்படிக் கேட்பது என்றும் அவளே சொன்னாள். மூங்கில் கூடைகளுக்கு வலையால் மூடி கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் பக்கத்து ஓடையில் பிடித்த அயிரைகளை விட்டு, நல்ல வேலம்பாசியை ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டினார்கள். மலைப்பாதை ஆற்றைக் கடக்கும் சின்னப் பாலத்துக்கு மேலே ஒரு கூடை, பாலத்துக்குக் கீழே ஒன்று, ஊர்த் துறையில் ஒன்று. கூடைகளைக் காவல் பார்க்க மங்கம்மாள் வூட்டுக்கு வூடு முறை வைத்தாள்.

முதலில் சில நாள் எதுவும் நடக்கவில்லை. மீன்கள் கூடைக்குள் குதியாட்டம் போட்டன. "மீனுக்குக் காவல் காக்கிற ஊருன்னு நம்ம பேரு கெட்டுப்போச்சு" என்று துரைக்கண்ணு கேலி செய்தான். அவன் அன்றைய முறைக்காரன். கேலி பேசினாலும் கூடையை விட்டு நகரவில்லை.

ஜமுனாமரத்தூரில் சந்தை கூடிய அன்று அவனும் கொள்ளு விற்கப் போய்விட்டான். ஊரே போயிருந்தது. சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால், பாலத்துக்குக் கீழே இருந்த கூடையில் ஒரு மீன் கூட உயிரோடு இல்லை. ஊர்த் துறையில் பாதி மிதந்தது. மேல் கூடையில் மட்டும் அயிரைகள் ஒரு குறையும் இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தன.

மெர்சிலின் புது மீன் விட்டாள். அடுத்த சந்தை நாளிலும் அதே கதை.

மங்கம்மாள் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தாள். பிறகு தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"டீச்சரு, நாம ஊர்ல இல்லாத நாளாப் பார்த்துத்தான் எவனோ வர்றான். ஆத்துல ஆள் இல்லன்னு தெரிஞ்ச எவனோ. இந்தப் பாலத்தாண்டதான் ஊத்துறான்."

பாசியையும் மீனையும் மெர்சிலின் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தாள். முடிவு வந்தது. கீழ்க் கூடைப் பாசியில் குரோமியம் ஏறிப்போயிருந்தது. மீனின் செவுளிலும் ஈரலிலும் அதேதான். மேல் கூடையில் அதன் வாடையே இல்லை.

"தோல் பதனிடுற எடத்துல போடுறது அக்கா இது. இந்த மலையில எங்க இருக்கு தோல் ஆலை? கீழேர்ந்துதான் ஏத்திக்கினு வர்றாங்க."

இருவரும் குணசீலனைப் போய்ப் பார்த்தார்கள். ஆய்வக முடிவை அவர் படித்தார். திரும்பவும் ஒரு முறை படித்தார். முகம் மாறியது.

"நான் பாட்டிலை மட்டும் நம்பிட்டேன்" என்றார் மெதுவாக. "ஆனா இது எங்க ஊத்துறாங்கன்னுதான் சொல்லுது, யாருன்னு சொல்லல. ஊத்தும்போது புடிச்சாத்தான் தப்பிக்க முடியாது."

"அத்த நாங்க பார்த்துக்கிறோம். நீங்க வந்து நில்லுங்க, போதும்" என்றாள் மங்கம்மாள்.

அடுத்த சந்தை நாள் காலையில் வழக்கம்போலவே ஜீப்புகள் புளி மூட்டைகளோடு கிளம்பின. பெண்கள் வெற்றிலை மென்றபடி சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். எவன் எங்கிருந்து பார்த்தாலும் ஊர் காலி என்றுதான் நினைத்திருப்பான். இரண்டு வளைவு தாண்டியதும் ஜீப்புகள் நின்றன. எல்லாரும் இறங்கி, காட்டு வழியாக நடந்து பாலத்துக்கே திரும்பி, உண்ணிச்செடிப் புதருக்குள் பதுங்கினார்கள். மெர்சிலின் மங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் ஏறியதும் கீழேயிருந்து ஒரு டேங்கர் லாரி முக்கி முனகி வந்து பாலத்தருகே நின்றது. ஓட்டுநரும் கிளீனரும் இறங்கிச் சுற்றிலும் பார்த்தார்கள். குழாயை ஆற்றுக்குள் தொங்கவிட்டுத் திருகினார்கள். பச்சையும் நீலமுமாக ஒரு தண்ணீர் கொட்டியது. அழுகிய தோலின் நாற்றம் புதர் வரை வந்தது.

மங்கம்மாள் எழுந்தாள். அவள் பின்னாலேயே ஊர் எழுந்தது.

லாரிக்காரன் பாய்ந்து ஏறி வண்டியைப் பின்னால் எடுத்தான். அதற்குள் ஜாமீனில் வந்திருந்த மணிவேல் ஜீப்பைக் கொண்டுவந்து பாதையில் குறுக்கே நிறுத்தியிருந்தான். முன்னால் போகலாமென்றால் பெண்கள் வரிசையாகச் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். கிளீனர் குழாயை மூடிவிட்டுக் கைகூப்பினான்.

"வெறும் கழுவுன தண்ணிதாம்மா இது."

"அப்படியா? அப்போ ஒரு டம்ளர் புடிச்சுக் குடி. ஒடனே வுட்டுடறோம்" என்றாள் மங்கம்மாள்.

அவன் குழாயை விட்டு இரண்டடி பின்வாங்கினான். எங்கிருந்தோ ஒரு சிரிப்புக் கிளம்பியது. அது பற்றிக்கொண்டு பாலம் முழுக்கப் பரவியது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் வெளியே வந்தது.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் காத்திருந்த குணசீலன் போலீஸோடு வந்து சேர்ந்தார். குழாயின் வாயிலேயே பாட்டிலை வைத்துப் பிடித்தார். பிறகு ஊரார் முன்னால் நின்று, "மங்கம்மா, உங்க ஜனங்க மேல நான் சொன்னது தப்பு. எழுதியே குடுக்கறேன்" என்றார். சொன்னபடி செய்தார். மணிவேல் மீதிருந்த வழக்கு தள்ளுபடியானது. மலையடிவாரத்தில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் நடந்துவந்த தோல் கிடங்குக்குச் சீல் வைத்தார்கள்.

ஐப்பசி மழை வேங்கையாற்றைக் கழுவிக்கொண்டு போனது. அதன்பின் எத்தனையோ சந்தை நாள் வந்து போயின. ஊர் முழுக்கச் சந்தைக்குப் போய்த் திரும்பியது. மூன்று கூடையிலும் மீன்கள் துள்ளின. வேலம்பாசி பச்சைப் பசேலென்று தழைத்தது. ஒரு நாள் கூடைக்கு வெளியே, கூழாங்கற்களுக்கு நடுவே, யாரும் விடாத அயிரைக் குஞ்சுகள் கூட்டமாக மேய்வதை மெர்சிலின் பார்த்தாள். படித்த பெண் என்பதையெல்லாம் மறந்து கூவினாள். "அக்கா! தானா வந்துடுச்சுங்க அக்கா!"

சேதி மலையெல்லாம் பரவியது. மலையின் இன்னொரு பக்கத்து நெல்லிவாசல் நாட்டிலிருந்து ரத்தினம்மாள் என்பவள் நான்கு பெண்களோடு நடந்தே வந்தாள்.

"எங்க ஓடையிலயும் மீன் சுணங்கிக் கிடக்குது. இன்னா ஏதுன்னு புரியல. நீங்க வந்து ஒரு தபா கேட்டுச் சொல்லணும்."

மங்கம்மாள் மெர்சிலினைப் பார்த்தாள். மெர்சிலின் ஏற்கெனவே ஜீப்பில் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். மங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள்.

"வண்டிய எடு மணிவேலு. இந்தத் தபா எவன் மாட்டுறான்னு பார்க்கலாம்."