ஜூன் மாத நட்சத்திரம்

கோச்சடையில் போன வருடம் சங்கிலியைப் பறிகொடுத்தவள் பிலோமினாள் டீச்சர். தெருவுக்குக் கேமரா வேண்டும் என்று முதல் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். கேமராவும் வந்தது. ஆனால் அவள் வீட்டுக் கேட்டை ஒட்டிய கம்பத்தில் ஏறிக்கொண்டு, தெருவை விட்டுவிட்டு அவள் வாசலையே பார்த்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயபாண்டி அதைத் தன் செல்போனில் பார்ப்பார். ஒருநாள் காலை, பால் பூத்தில் நாலு பேர் முன்னால் கேட்டார்: "நேத்து உங்க வீட்டுக்குப் பதினாலு பேர் வந்தாங்களே டீச்சர், யாரு அம்புட்டுப் பேரும்?"

ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனமில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே வீட்டுக்குப் போய், பரணிலிருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இறக்கித் தூசி தட்டி, மாடிக் கம்பியிலிருந்து கேமராவின் மூஞ்சிக்கு நேராகத் தொங்கவிட்டாள்.

மறுநாள் அழைப்பு மணி அடித்தது. ஜெயபாண்டி நின்றார்.

"கிறிஸ்துமசுக்கு ஆறு மாசம் கெடக்கே டீச்சர்! ஸ்டார் மறைச்சா திருடன் வர்றது எப்படித் தெரியும்?"

"கேமராவ ரோட்டுப் பக்கம் திருப்புங்கண்ணே, தெரியும். அது வந்த பெறகு என் வாசல செல்போன்லயே பாத்துக்கிட்டிருந்தீங்க; இன்னைக்குத்தான் நேர்ல வந்து பெல்ல அடிச்சிருக்கீங்க. ஸ்டார் அங்கனயே தொங்கட்டும்."