வெள்ளிக்கிழமை பேசினான்

பிரேதப் பரிசோதனை டாக்டரின் உதவியாளர் திவ்யா, வலைத்துணி கட்டிய கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மணலுக்கு மேல் நெல்மணிபோலப் பழுப்பாய்க் கூட்டுப்புழுக்கள். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, கீழக்குயில்குடி மலையடியில் முகம் சிதைந்து கிடந்த உடலுக்கு அடியில், மண்ணைச் சலித்து அவள் எடுத்தவை. எந்த வகை ஈ என்று உறுதியாகத் தெரிய, கூடு உடைந்து ஈ வெளியே வர வேண்டும். இறந்த நாளை அதற்குப் பிறகுதான் கணிக்க முடியும்.

ஜன்னலுக்கு வெளியே, பிணவறை வாசலில் செல்லத்தாய் உட்கார்ந்திருந்தாள். எழுமலையிலிருந்து விடியுமுன் வந்தவள். மகன் அழகுபாண்டி வீட்டைவிட்டுப் போய் இரண்டு வாரமாகிறது. பிணத்தின் கையிலிருந்த செப்புக் காப்பைப் பார்த்து, உடல் அவனுடையதுதான் என்று அவளுடைய தம்பி பேயாண்டி சொல்லிவிட்டார். அவள் கையெழுத்துப் போட்டால் உடலைக் கொடுத்துவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் எரித்துவிடலாம்.

அவள் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது திவ்யாவுக்கு உறுத்தியது. இரண்டு டீ வாங்கிக்கொண்டு போனாள்.

அக்கா பக்கத்தில் நின்ற பேயாண்டி ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டார். "புழுவ வளத்து என்னம்மா பாக்கப் போறீக? அது வாயத் தொறந்து பேரு சொல்லுமாக்கும்? திருவிழாவுல அந்தக் காப்ப வாங்கிக் குடுத்ததே நான்தான்."

அதே மாதிரிக் காப்பு காலையில் திவ்யாவை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் கையிலும் இருந்தது. அழகர் திருவிழாவுக்குப் போனவர்களில் பாதிப் பேர் கையில் இருக்கும்.

கையெழுத்துக்குப் பேனா தேடிப் பேயாண்டி உள்ளே போனதும், செல்லத்தாய் திவ்யாவின் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"தாயி, ஒண்ணு சொல்றேன். மாமன்ட்ட சொல்லாதம்மான்னான், மாமனோட சண்ட போட்டுல்ல போனான். மூணு நாளைக்கு முந்தி, வெள்ளிக்கிழம ராத்திரி போன் பண்ணி, 'சாப்ட்டியாம்மா'ன்னு கேட்டான். நான் கோவத்துல வச்சுட்டேன். அப்புறம் நான் பண்ணுனா போனே போகல."

திவ்யா மனதுக்குள் நாட்களை எண்ணினாள். வெள்ளிக்கிழமை இரவுக்குப் பிறகு இறந்திருந்தால், அந்த மண்ணில் வெறும் சிறு புழுக்கள்தான் இருந்திருக்கும். இவை கூடு கட்டியே சில நாளாகியிருக்க வேண்டும்.

"அவன் குரல்தானாம்மா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

ஆனால் அந்த இடத்தில் முன்பே ஒரு நாய் செத்துக் கிடந்து, இவை அதிலிருந்து வந்தவையாக இருந்தால்? உறுதியாகாமல் வாய் திறக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. உங்கள் மகன் இல்லை என்று சொல்லி, பிறகு ஆமாம் என்றானால் இவள் என்ன ஆவாள்? மீனாட்சி, என் நாக்கைக் காப்பாற்று என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"இன்னைக்கிக் கையெழுத்துப் போடாதீங்கம்மா. டாக்டர்ட்டப் போவோம். இப்ப சொன்னத அவர்ட்டயும் சொல்லுங்க. நான் கூட இருக்கேன்."

செல்லத்தாய் அவள் முகத்தையே பார்த்தாள். கேட்கப் பயந்ததைக் கேட்காமலே விட்டாள். பிணவறைக் கதவைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அப்ப உள்ள கெடக்குறது யாரு பெத்த புள்ளயோ?"

மகனுக்கென்று முந்தானையில் முடிந்து வந்த கோயில் திருநீற்றை அவிழ்த்தாள். பாதியைக் காகிதத்தில் மடித்துத் திவ்யாவிடம் நீட்டினாள். "அந்தத் தம்பி நெத்தியில வையி. அவுக ஆத்தாவும் எங்கிட்டாவது உக்காந்திருப்பா."

மீதியை மறுபடி முடிந்துகொண்டாள்.

திவ்யா குடுவையை எடுக்க உள்ளே போனாள். மணலில் ஒரு கூடு அசைந்தது. நுனி பிளந்து, ஈயின் ஈரமான தலை வெளியே முட்டி, ஒரு கால் காற்றைத் துழாவியது. ஜன்னலுக்கு வெளியே செல்லத்தாயின் மடியில் போன் இருண்டு கிடந்தது. அதன்மேல் இரு கைகளையும் பொத்தி வைத்திருந்தாள்.