திருத்தாமல் விட்ட சொல்

ஜப்பானிய மொழியை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என் மகள் சான்ட்ரா. தஞ்சாவூரில் நர்சிங் படிக்கிறாள். படித்து முடித்தால் ஜப்பானில் முதியோர் இல்லங்களில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, மொழி பழகும் ஓர் இணைய மன்றத்தில் சேர்ந்தாள். விடுமுறைக்கு வந்தவள் துணைக்கு என்னையும் சேர்த்துவிட்டாள். இரண்டே மாதத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை.

மன்றத்தில் ஜப்பானிய மொழியில் நாலு வரி எழுதினால் அந்த ஊர்க்காரர் யாராவது திருத்துவார். தவறின் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் நீல எழுத்தில் சரியான சொல். இதற்கெல்லாம் ஒழுங்கு உண்டு. திருத்துவதற்கு முன் எழுதியவரைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திருத்தம் பெற்றவர் நன்றி சொல்லி, திருத்திய வரியை மறுபடி ஒருமுறை எழுதிக் காட்ட வேண்டும். வயது, குடும்பம் விசாரிக்கக் கூடாது. தனிச் செய்தி அனுப்பவே கூடாது. மயிலாடுதுறை பாசஞ்சரில் எதிர் சீட்டுக்காரர் வண்டி கிளம்புவதற்குள் கேட்டுவிடுகிற எதையும் அங்கே கேட்க முடியாது.

என் வரிகளைத் திருத்துபவர் மொரிதா. நெல் விளையும் ஊர். குளிர்காலத்தில் கூரையிலிருந்து பனியைத் தள்ள வேண்டும். வயலை இப்போது வேறொருவர் பார்க்கிறார். இவ்வளவுதான் தெரியும். மனைவி உண்டா என்று தெரியாது. நான் திருவாரூரில் விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஈரத்தாளில் நெல் முளைப்பதைப் பற்றி எழுதும்போது ஒருமுறை 'நெல் பிறக்கிறது' என்று எழுதிவிட்டேன். சிவப்புக் கோடு போட்டுத் திருத்தினார். கீழே, 'ஆனாலும் உங்கள் சொல்லை நான் வைத்துக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தார். அதற்காக எதையும் விட்டுக்கொடுப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வேற்றுமை உருபு பிசகினால் மூன்று வரி விளக்கம் வரும்.

வேலைக்குக் கிளம்பும் முன்தான் எழுதுவேன். அங்கே அது மதியச் சாப்பாட்டு நேரம். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: இத்தெகிமாசு. "நம்ம போயிட்டு வரேன் இருக்குல்ல, அப்படியே அதுதாம்மா" என்று சான்ட்ரா சொல்லிக்கொடுத்தது. போய், வருகிறேன். உடனே மொரிதாவிடமிருந்து பதில் வரும்: இத்தெராஷ்ஷாய். போயிட்டு வாங்க. அதைப் பார்த்த பிறகுதான் கதவைப் பூட்டுவேன்.

என் கணவர் கிளமென்ட் இறந்து, சான்ட்ராவும் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, காலையில் சொல்லிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று. பூட்டைத் தொங்கவிட்டுவிட்டுப் பேசாமல் படியிறங்குவது எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

போன வாரம் மன்றத்தின் நெறியாளர் ஹானா என் பதிவின் கீழ் எழுதினார். 'அருள்மேரி அவர்களின் எழுத்து வளர்ந்து வருவதைப் பார்க்க மகிழ்ச்சி. ஒரு சிறு குறிப்பு. இத்தெகிமாசு என்பது தன் வீட்டிலிருந்து கிளம்புகிறவர், வீட்டில் இருப்பவரிடம் சொல்வது. மற்ற இடங்களில் விடைபெறும்போது ஷிட்சுரெய் ஷிமாசு பொருத்தமாக இருக்கும். புதியவர்கள் பார்த்துப் பழகுவார்கள் என்பதால் சொல்கிறேன். மன்னிக்கவும்.'

முகம் சுட்டது. நாம் எந்த வீட்டிலிருந்து எழுந்தாலும் போயிட்டு வரேன் என்போம். டாக்டரிடம் சொல்வோம், ரேஷன் கடையில் சொல்வோம். அந்த நினைப்பில், முகம் தெரியாத ஒரு மனிதரிடம், உங்கள் வீட்டு ஆள் கிளம்புகிறேன் என்று தினமும் சொல்லியிருக்கிறேன். அவர் ஏன் திருத்தவில்லை? மரியாதையா? பாவம் என்று விட்டுவிட்டாரா?

சான்ட்ராவை அழைத்தேன்.

"ஏண்டி, இத்தெகிமாசு வீட்டு ஆளுங்க மட்டும்தான் சொல்லணுமாமே. நீ சொல்லவே இல்லையே?"

"ஐயையோ, அதைப் போயி மன்றத்துலயா போட்ட?" விழுந்து விழுந்து சிரித்தாள். "யாருகிட்டம்மா?"

"பொதுவாத்தான்."

"பொதுவான்னா? யாரு பதில் போட்டது?"

"மொரிதா."

"அவரா! என்னை ஒரு காற்புள்ளிக்கு என்னா வறு வறுத்தாரு. உன்னை ஒண்ணும் சொல்லலியா?"

"அதாண்டி எனக்கும் புரியல."

"கேட்டுற வேண்டியதுதானே."

"அதெல்லாம் கேக்கக் கூடாது. ரூல்ஸ் இருக்கு."

"ரொம்பத்தான். அப்ப மாதா படத்துகிட்ட சொல்லிட்டுப் போ."

"மாதா பதில் சொல்ல மாட்டாங்கடி."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "இனிமே கிளம்புறப்ப எனக்கு ஒரு ஃபோன் அடிம்மா" என்றாள். அந்த நேரத்தில் அவள் வார்டில் இருப்பாள் என்பது இருவருக்கும் தெரியும்.

மன்றத்தின் பழைய பதிவுகளைத் தேடினேன். ஜப்பானியர் அன்பை எப்படிச் சொல்வார்கள் என்று ஒரு பிரேசில் பையன் கேட்டிருந்தான். சொல் இருக்கிறது, பலர் ஆயுசுக்கும் அதை வாயால் சொல்வதில்லை என்றார் ஒருவர். குடை எடுத்துக்கொள் என்பார்கள், அதுதான் அது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் எழுதியிருந்தார்: 'மழை வரும் என்பதற்காகவும் குடை எடுத்துக்கொள் என்பார்கள். எல்லாவற்றிலும் அன்பைத் தேடாதீர்கள்.'

கிளமென்ட் தினமும் என் ஸ்கூட்டரைத் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவைப்பார். அது அன்பா, பழக்கமா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "வாசல் கேட்டு குறுகல். நீ செவுத்துல இடிச்சிருவ" என்றிருப்பார். அதுவும் உண்மைதான். இப்போது நானே திருப்புகிறேன். இடிக்கத்தான் செய்கிறது.

மறுநாள் காலை எழுதினேன். சம்பா விதை மாதிரிகள் வந்து குவிந்திருப்பதைப் பற்றி நாலு வரி. பிறகு: 'ஹானா அவர்களுக்கு நன்றி. எங்கள் மொழியில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் போய் வருகிறேன் என்போம். போகிறேன் என்று மட்டும் சொன்னால், திரும்பி வராதவர் பேச்சுபோல் ஒலிக்கும். அந்த வழக்கத்தில் எழுதிவிட்டேன். மன்னிக்கவும். ஷிட்சுரெய் ஷிமாசு.' மரியாதைக் குறைவாக நடந்துகொள்கிறேன் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள். சரியாக எழுதிய வரி, எழுதி முடித்ததும் அந்நியமாக இருந்தது.

பதில் வரவில்லை. காத்திருந்தேன். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. கதவைப் பூட்டி, ஸ்கூட்டரைத் திருப்பி, ஹெல்மெட்டை மாட்டும்போது ஃபோன் அதிர்ந்தது.

மொரிதாதான். முதலில், ஒழுங்குப்படி, 'உங்கள் ஊர் வழக்கம் நல்ல வழக்கம்' என்று ஒரு வரி. விதையைப் பற்றிய இடத்தில் இரண்டு திருத்தங்கள், இரண்டுக்கும் விளக்கம். கடைசியில், ஷிட்சுரெய் ஷிமாசு மேல் நேராக ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் நீல எழுத்தில்: இத்தெகிமாசு.

அதற்கு மட்டும் விளக்கம் இல்லை.

திருத்திய வரியை மறுபடி எழுதிக் காட்ட வேண்டும் என்பது மன்றத்தின் விதி. ஹெல்மெட்டைக் கழற்றினேன். தெருவில் நின்று எழுதுகிற சொல் அல்ல அது. பூட்டைத் திறந்து உள்ளே போனேன்.