தானாக வந்த அப்டேட்

திங்கட்கிழமை காலை கனகலட்சுமி கடை ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவதற்குள் முதல் போன் ரிப்பேருக்கு வந்துவிட்டது. மகாராஜபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்த பால்காரர் ஒருவர் கொண்டுவந்திருந்தார். எழுந்து பார்க்கும்போதே இப்படித்தான் இருந்தது என்றார். வெள்ளைத் திரை, நடுவில் போனை விற்ற கம்பெனியின் முத்திரை, அதற்குக் கீழே ஒரே வரி: ‘இந்தக் கருவி பூட்டப்பட்டுள்ளது. சேவை மையத்தை அணுகவும்.’ எதை அழுத்தினாலும் அசையவில்லை. அவசர எண்ணுக்குக்கூடப் போகவில்லை.

பதினோரு மணிக்குள் அதே மாதிரி ஆறு போன்கள் மேஜைமேல் கிடந்தன. ஆறும் அவள் கையால் திறந்துவிட்டவை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்து எட்டு வருடமாகிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த கம்பெனி ஊர் ஊராக வேனில் வந்து, விலை குறைவாக ஒரு போனைக் கொடுத்துவிட்டுப் போனது. அதில் அந்த கம்பெனி சிம் மட்டும்தான் வேலை செய்யும். கம்பெனி அனுமதித்த ஆப் மட்டும்தான் ஏறும். வத்திராயிருப்பு பக்கம் மலையடிவாரத்துக்குப் போனால் அந்த கம்பெனிக்கு சிக்னலே கிடையாது. இன்னொரு கம்பெனி டவர் அங்கே நன்றாக எடுக்கும், ஆனால் அந்த சிம்மை இந்த போன் ஏற்றுக்கொள்ளாது. தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து அவளிடம் முறையிட்டார்கள். அவள் இன்டர்நெட்டில் தேடித் தேடிப் படித்து, லேப்டாப்பில் வயரைச் செருகி, உள்ளே இருந்த சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுத்தாள். விலை கொடுத்து வாங்கிய போனில் எந்த சிம்மைப் போடுவது என்பது வாங்கியவர் பாடு என்று அவள் உறுதியாக நம்பினாள். இதுவரை நாற்பத்து மூன்று போன். ஒவ்வொருவரிடமும், அப்டேட் என்று எது வந்தாலும் அமுக்காதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

பத்து நாளைக்கு முன்பு ராஜபாளையத்திலிருந்து கம்பெனியின் ஏரியா மேனேஜர் வைகுண்டராஜ் கடைக்கு வந்திருந்தார். சத்தம் போடவில்லை. கடைப் பலகையை போட்டோ எடுத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். போலீஸில் புகார் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம் என்றார். எழுந்து போகும்போது ஒன்று கேட்டார்.

“நீங்க ஏத்துற சாஃப்ட்வேருக்கு யாரு பொறுப்பு மேடம்? ஒரு அவசரத்துக்கு அந்த போன் வேலை செய்யலைன்னா, அவங்க யாரைப் போய் கேப்பாங்க?”

இதைக் கணவன் தங்கப்பாண்டியனிடம் அவள் சொல்லவில்லை. அவன் ராஜபாளையத்தில் ஏட்டு. தன்னால் அவன் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பத்து நாளாகச் சோறு இறங்காமல் இருந்தாள்.

இப்போது நோட்டை எடுத்து, பெயர் பெயராக நம்பர் போட்டுப் பார்த்தாள். எல்லாமே ஸ்விட்ச் ஆஃப். ராத்திரியில் யாரும் அமுக்காமலே அப்டேட் தானாக இறங்கி, அவள் திறந்ததையெல்லாம் கண்டுபிடித்துப் பூட்டியிருக்கிறது. பாதிப் பக்கம் தாண்டியதும் விரல் ஒரு பெயரில் நின்றது. பொன்னுராஜ், கான்சாபுரம்.

பொன்னுராஜ் அடிவாரத்துத் தென்னந்தோப்பில் காவலுக்கு இருக்கிறவர். அறுபது வயது. இரண்டு காதும் மந்தம். யானை இறங்கினால் வனத்துறைக் காவலர்கள் வெடி போடுவார்கள், அது அவருக்குக் கேட்காது. அதனால்தான் போனைத் திறந்து வாங்கிக்கொண்டார். யானை நடமாட்டத்தைச் சொல்வதற்கென்று தோப்புக்காரர்களும் காவலர்களும் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் அவரைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். தகவல் வந்தால் சட்டைப்பையில் போன் அதிரும், அவர் ஊர்ப்பக்கம் வந்துவிடுவார். ஐந்து மாதத்தில் நான்கு தடவை அப்படித் தப்பித்திருக்கிறார்.

சேர்த்துவிட்டவள் என்பதால் அந்தக் குழுவில் அவளும் இருந்தாள். குழுவைத் திறந்தாள். காலை பத்து இருபதுக்கு மலைச்சாமி என்ற காவலர் குரல் தகவல் போட்டிருந்தார். மூன்று யானை, ஒரு குட்டி, ஓடையைத் தாண்டித் தோப்புக்குள் இறங்கியாச்சு, எல்லாரும் வெளியே வந்துருங்க. அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். பொன்னுராஜ் மட்டும் பதில் போடவில்லை.

அவர் மனைவி கருத்தம்மாள் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில்லுக்குப் போகிறவள். வேலை நேரத்தில் போனை வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள். கனகலட்சுமி போட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அடுத்து மலைச்சாமியைக் கூப்பிட்டாள். தான் யானைகளுக்கு இந்தப் பக்கம் நிற்பதாகவும், பொன்னுராஜ் தங்கும் மோட்டார் ரூம் அந்தப் பக்கம் இருப்பதாகவும், சுற்றிப் போக ஒரு மணி நேரமாகும் என்றும் சொன்னார்.

“அவருதான் மெசேஜ் பார்த்துருப்பாரேம்மா.”

“பார்த்துருக்க மாட்டாருண்ணே. அவரு போன் செத்துக் கெடக்கு.”

பிறகு தங்கப்பாண்டியனைக் கூப்பிட்டாள். மேனேஜர் வந்தது, போட்டோ எடுத்தது, நாற்பத்து மூன்று போன், தோப்பு, யானை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள்.

“பத்து நாளா எங்கிட்ட சொல்லலையே கனகு” என்றான். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, வத்திராயிருப்பு ஸ்டேஷனுக்குத் தான் பேசுவதாகவும், அவள் கடையை விட்டு நகரக் கூடாது என்றும் சொன்னான்.

அவள் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். கிருஷ்ணன்கோவில் தாண்டி மலை எதிரே எழும்பி வந்தபோது ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினாள். மேனேஜர் கேட்ட கேள்விதான் காதுக்குள் ஓடியது. பூட்டியது அவர்கள். ஆனால் இந்த போனை நம்பு, இது உன்னைக் காப்பாற்றும் என்று அந்த மனிதர் சட்டைப்பையில் வைத்து அனுப்பியது யார்? போனைத் திறந்து கொடுக்காமலே இருந்திருந்தால் தோப்பில் இருக்கும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாவது இருந்திருப்பாரே.

தோப்புக்குப் போகும் மண்பாதையில், வாய்க்கால் பாலத்திலேயே ஆட்கள் அவளை மறித்துவிட்டார்கள். உள்ளே ஒரு தென்னை முறிந்து விழும் சத்தம் கேட்டது. அது தரையில் மோதியபோது பாலம்வரை அதிர்ந்தது. அப்புறம் ஒன்றுமில்லை, காக்கை கத்துவதுகூட நின்றுபோனது. அவள் வாய்க்கால் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. வெடி இரண்டு முறை கேட்டது. வெயில் தலைக்குமேல் வந்துவிட்டது.

மலைச்சாமியும் இன்னும் இரண்டு பேரும் பொன்னுராஜைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் இருந்தது. மோட்டார் ரூம் கதவை யானை முட்டியதில் கதவோடு சேர்ந்து சுவர் ஓரம் நசுங்கிக் கிடந்திருக்கிறார். வலது தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. முகமெல்லாம் சுண்ணாம்புத் தூசி. இடது கையில் அந்த போனை விடாமல் பிடித்திருந்தார். வெள்ளைத் திரை வெயிலில் மங்கலாக எரிந்தது.

அவளைப் பார்த்ததும் உதடு அசைந்தது. குனிந்தாள்.

“நீ சொன்னபடிக்கு நான் எதையும் அமுக்கல தாயி” என்றார். “அதுவாத்தான் நின்னு போச்சு.”

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சேலை முந்தானையால் தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை தங்கப்பாண்டியன் லீவு போட்டுவிட்டு அவளோடு ராஜபாளையத்து ஆபீசுக்கு வந்தான். யூனிஃபார்ம் போடவில்லை. அவள் நடந்ததை மேனேஜரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. அப்டேட்டை அனுப்புவது எங்கேயோ இருக்கிறவர்கள், தனக்கே அன்றைக்குக் காலையில்தான் தெரியும் என்றார். பழைய சாஃப்ட்வேருக்குத் திரும்புகிறோம், வேறு சிம் போட மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டால் எல்லா போனிலும் பூட்டை எடுத்துத் தரும்படி மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்களாம். புகார் கொடுக்கும் யோசனை இப்போதைக்கு இல்லை. இப்போதைக்கு என்ற சொல்லை அவர் இரண்டு தடவை சொன்னார்.

முப்பது பேருக்குமேல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களை அவள் குறை சொல்லவில்லை.

பொன்னுராஜ் போடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் தோளில் கட்டோடு கருத்தம்மாளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து, மறுபடியும் திறந்து கொடுக்கச் சொன்னார். அந்தத் தோப்பை விட்டால் தனக்கு வேறு வேலை இல்லை என்றார். கருத்தம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து கனகலட்சுமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவை பூட்டிட்டான்னா என்ன செய்யிறது அண்ணாச்சி?” என்று கனகலட்சுமி அவர் காதருகே போய் உரக்கக் கேட்டாள்.

“அப்பமும் உங்கிட்டதான் வருவேன்.”

தன் சொந்த போனிலிருந்து சிம்மைக் கழற்றினாள். எந்த சிம் கம்பெனியும் விற்காத, எல்லா சிம்மையும் ஏற்கும் போன் அது. தான் போட்டிருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, அவர் சிம்மைச் செருகி, குழுவில் சேர்த்துக் கொடுத்தாள். இதையும் யாராவது எங்கிருந்தாவது நிறுத்த முடியுமா என்று அவர் கேட்டார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“தெனமும் காலையில எனக்கு ஒரு தடவை போன் போடுங்க” என்றாள். “வரலைன்னா நான் வாரேன்.”

அவர்கள் பஸ்ஸுக்குப் போனபிறகு, பூட்டிக் கிடந்த அவர் பழைய போனைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு, நோட்டில் பொன்னுராஜ் பெயருக்கு நேரே ‘தினமும் காலை’ என்று எழுதினாள்.