ஆய்வாளர் வீட்டுச் சுண்டெலி

எங்க வீட்டுக்காரர் சுகாதார ஆய்வாளர். எந்த ஓட்டல் சமையல்கட்டுல எலிப்புழுக்கை கிடந்தாலும் வாசல்ல நின்னே கண்டுபிடிச்சிடுவார். சொந்த வீட்டுல கிடந்தா மட்டும் அதுக்குப் பேரு உடைஞ்ச மிளகு.

"மிளகு எப்படிங்க வாலோட ஓடும்? நான் கண்ணால பார்த்தேன்"னேன்.

"உனக்குக் கண்ணாடி மாத்தணும்"னார்.

சின்னச் சுண்டெலிதான். குளிர் ஆரம்பிச்சதும் பின்கதவுக்கு அடியில இருக்கற சந்து வழியா வந்து குடியேறிடுச்சு. ரொட்டியைக் கடிச்சுது, கைத்துண்டைக் கடிச்சுது, என் நிம்மதியையும் கடிச்சுது. ஒரு பொறி வாங்கிட்டு வாங்கன்னு தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிப் பார்த்தேன்.

"நான் போய் எலிப்பொறி வாங்கறதா? பார்க்கறவன் என்ன நினைப்பான்?"

"சரி, நானே வாங்கறேன்."

"நீ யார் பொண்டாட்டின்னு கடைக்காரனுக்குத் தெரியாதா?"

இப்படி ஒரு கௌரவம். நடுவுல அவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துட்டார். ஆய்வுக்கு எடுத்துட்டுப் போற தோல்பை அத்தனை நாளும் சமையல்கட்டுக் கதவு ஆணியிலயே தொங்குச்சு. காய்ச்சல் விட்ட அன்னிக்குக் காலையில அதை மாட்டிக்கிட்டு நேரா எங்கே போனார் தெரியுமா? என் தம்பி கடைக்கு.

தம்பி பஸ் பணிமனைக்குள்ள கேன்டீன் நடத்தறான். எட்டு வருஷமா ராப்பகலா உழைச்சு நல்ல பேரு எடுத்தவன். மச்சான் கடைன்னு சலுகை காட்டறாருன்னு யாரும் சொல்லிடக் கூடாதாம். அதனால மத்த கடைக்கு ஒரு தடவை போனா இவன் கடைக்கு ரெண்டு தடவை போவார்.

பதினோரு மணிக்குத் தம்பி போன் பண்ணினான். குரலே சரியில்லை.

"அக்கா, மாமா கடையைப் பூட்டி சீல் வச்சுட்டார்."

"என்னடா சொல்றே?"

"காய் நறுக்கற மேடையில பையை வச்சு, திறந்து, பேனாவை எடுத்துக்கிட்டு ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினார். அதுக்குள்ள மேடை மேல ஒரு எலி ஓடுது. மெக்கானிக்குங்க அத்தனை பேரும் பார்த்துட்டாங்க. சத்தியமா சொல்றேன் அக்கா, என் கடையில எலியே கிடையாது." விசும்ப ஆரம்பிச்சுட்டான். "அதுக்குள்ள எலிக்கடைன்னு பேரு வச்சுட்டாங்க. நாளைக்கே திறந்தாலும் எவன் வந்து சாப்பிடுவான்?"

எனக்கு உள்ளங்கால்ல இருந்து உச்சந்தலை வரைக்கும் பத்திக்கிட்டு வந்துது.

மத்தியானம் எங்க வீட்டுத் துரை வந்தார். பையை அதே ஆணியில மாட்டினார். "சட்டம்னா சட்டம்தான். உன் தம்பியா இருந்தா என்ன, என் தம்பியா இருந்தா என்ன"ன்னு கையைக் கழுவினார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பை வாயைத் திறந்துடுச்சு. கீச்சுன்னு ஒரு சத்தம்.

"என்ன அது?"ன்னார்.

"உடைஞ்ச மிளகா இருக்கும்"னு சொல்லிட்டுப் பையைக் கழட்டி மேஜையில வச்சேன்.

அடியில ஆய்வுப் படிவமெல்லாம் சுக்கல் சுக்கலாக் கிடந்துது. அதுக்கு நடுவுல கண்ணு திறக்காத ஆறு குஞ்சு, ரோஸ் கலர்ல நெளியுது. குஞ்சுங்க இங்கே. தாய் அங்கே, தம்பி கடை மேடையில. அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கலை. பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டார்.

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு, "யாருக்கும் தெரிய வேண்டாம். மறு ஆய்வு செஞ்சேன், சுத்தமா இருக்குன்னு எழுதித் திறந்து விட்டுடறேன்"னார்.

"அப்போ எலிக்கடைங்கற பேரு?"

அவர் பையை மூடப் பார்த்தார்.

"உங்க மானத்தைக் காப்பாத்த என் தம்பி பேரு நாறணுமா? நடந்ததை நடந்தபடி எழுதுங்க. அத்தனை பேர் பார்த்தாங்க இல்ல? அத்தனை பேர் முன்னாடியும் படிங்க. இல்லேன்னா இந்த ஆறு பேரையும் தூக்கிக்கிட்டு உங்க ஆபீசுக்கு நான் போறேன்."

போயிடுவேன்னு அவருக்குத் தெரியும். கடிபடாத ஒரு படிவத்தைத் தேடி எடுத்தார். அரைமணி நேரம் எழுதினார். என்கிட்ட காட்டவே இல்லை.

சாயங்காலம் டீ நேரத்துக்குப் பணிமனைக்குப் போனோம். குஞ்சுங்களை ஷூ டப்பாவுல வச்சு நான்தான் தூக்கிட்டுப் போனேன். மெக்கானிக்குங்க கூடிட்டாங்க. தம்பி பூட்டின கதவுகிட்ட தலையைக் குனிஞ்சு நின்னான். இவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சார்.

"எலி வந்த இடம்: ஆய்வாளரின் இல்லம். கொண்டுவந்தவர்: ஆய்வாளர். கேன்டீன் மீது குற்றமில்லை."

கொல்லுன்னு ஒரே சிரிப்பு. தம்பி தலையைத் தூக்கினான். அடுத்த வரிக்கு வந்ததும் அவர் குரல் உள்ளே போயிடுச்சு, ஏதோ முணுமுணுத்தார்.

"மாமா, பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலை"ன்னான் தம்பி.

அவர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கிட்டு, சத்தமாவே படிச்சார்.

"காரணம்: வீட்டில் எலி இருப்பதாக ஆய்வாளரின் மனைவி பலமுறை தெரிவித்தும், ஆய்வாளர் அவரை நம்பவில்லை. தவறு ஆய்வாளருடையது."

பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவை கூட அந்த மனுஷன் வாயில இருந்து தப்புன்னு ஒரு வார்த்தை வந்ததில்லை. இன்னும் நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேக்கணும்னு ஆசையா இருந்துது. ஆனா கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துடுச்சு, போதும்னு கை காட்டிட்டேன்.